க்ரூஸ் வேலை செய்யாத மார்கழி

எங்கள் கார் கெட்டுப்போயிற்று என்று சொன்னால் அது பொய். ஓடியது, நின்றது, ஹாரன் அடித்தது, ஏசி போட்டால் குளிர்ந்தது. ஒரே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. அந்த ஒரு பட்டனுக்காக ஒரு மார்கழி மாதம் முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று போகப் போகச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். நான் திருவண்ணாமலையில் அரசாங்கப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட மனையில் வீடு கட்டியிருந்தோம். அவர் அங்கிருந்து கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று அங்கே ஓட்டிக்கொண்டிருந்த கியர் இல்லாத கார். இன்னொன்று வலது கணுக்காலுக்குள் ஒரு ஸ்டீல் தகடு. பட்டறைப் படியில் வழுக்கி விழுந்த நாளில் வைத்தது.

அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் நடப்பார், படி ஏறுவார், பிரேக்கை ஓங்கி மிதிப்பார். மிதித்து எடுப்பதில் ஒன்றும் இல்லை. ஒரே அழுத்தத்தில் பாதத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் ஆகாது. ஆக்சிலேட்டரை அரைமணி நேரம் அப்படிப் பிடித்தால் கணுக்கால் பலூன் மாதிரி வீங்கிவிடும். டவுனுக்குள் கவலை இல்லை. மெட்ராஸ் போவதென்றால் கஷ்டம். அதற்குத்தான் அந்தப் பட்டன் இருந்தது. க்ரூஸ் கண்ட்ரோல் என்பார்கள். நெடுஞ்சாலையில் ஒரு வேகத்துக்கு வந்ததும் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் அந்தப் பட்டனை அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடலாம். கார் தானே அந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பிரேக்கில் கால் பட்டால் போதும், அந்த நிமிஷமே விட்டுவிடும். முதல் தடவை அவர் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கார் தன்னால் ஓடியபோது நான் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் சிவ சிவா என்று சொல்லிக்கொண்டே போனேன்.

தாம்பரத்தில் எங்கள் ஒரே மகள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். தை பிறந்ததும் மாமியார் வீட்டில் வளைகாப்பு, மறுநாள் காலை அவளைப் பிரசவத்துக்கு நாங்கள் அழைத்து வரவேண்டும் என்று நாள் குறித்தாகிவிட்டது. அன்றைக்கு இவர் போட்ட ஒரே நிபந்தனை, "என் பொண்ண நானே ஓட்டிட்டு வருவேன்" என்பதுதான்.

அதைக் கேட்டுச் சம்பந்தி வீட்டில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது இவர் இங்கே இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டதும் நான்தான், டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில். அவள் கல்யாணத்துக்கே பத்து நாள் லீவில் வந்து, தாலி கட்டிய மூன்றாம் நாள் விமானம் ஏறியவர். மகளை எங்கேயும் கொண்டுபோய் விடாத, எங்கேயிருந்தும் கூட்டிவராத மனுஷன். இது ஒன்றாவது தன் கையால் நடக்கட்டும் என்று நினைத்தார்.

மார்கழி முதல் வாரம், பலகாரமும் துணிமணியும் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் புறப்பட்டோம். செஞ்சி தாண்டி, திண்டிவனம் தாண்டி, பெரிய ரோடு வந்ததும் வழக்கம் போலப் பட்டனை அழுத்திக் காலை எடுத்தார். கார் மெல்ல வேகம் குறைந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அடித்துத் தொலைத்தான். மறுபடி அழுத்தினார். டாஷ்போர்டில் க்ரூஸ் என்பதற்கான பச்சை விளக்கு ஒழுங்காக எரிகிறது. வேகத்தை மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது.

"மொதல்ல மேல தள்ளணுமா, கீழயா?" என்று என்னைக் கேட்டார்.

"என்னைக் கேட்டா? நீங்கதான தினமும் ஓட்டினீங்க?"

மேலே தள்ளினார், கீழே தள்ளினார், அணைத்துவிட்டுப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அச்சரப்பாக்கம் வருவதற்குள் செருப்பு வார் காலை வெட்டுகிற அளவுக்கு வீங்கிவிட்டது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை டீக்கடை நிழலில் நிறுத்தி, நிறுத்தி, பத்து மணிக்குப் போகவேண்டியவர்கள் மதியம் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் அவர் காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டாள். மாப்பிள்ளை நல்ல மனசோடுதான் சொன்னார், "மாமா, வளைகாப்புக்கு டிரைவர் போட்டுக்கலாம், நீங்க ஏன் சிரமப்படறீங்க?" இவர் "பாக்கலாம், பாக்கலாம்" என்று பலகாரத் தூக்கைத் திறந்து வைத்தார்.

ஊருக்கு வந்த மறுநாளிலிருந்து எங்கள் வைத்தியம் ஆரம்பமாயிற்று. போளூர் ரோட்டில் ஒரு பெரிய பட்டறை. மெக்கானிக் பானட்டைத் திறந்து பத்து நிமிஷம் பார்த்தார். ஊரில் எல்லாருடைய வண்டியையும் மூடிய கண்ணோடு பிரித்து மாட்டுகிறவர். இந்தக் காருக்குள் எதைத் தேடவேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"சார், இந்த பட்டன் இல்லாமலேயே வண்டி நல்லாத்தான ஓடுது?" என்றார்.

"ஓடுது."

"அப்ப விடுங்க சார். நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் ஜாஸ்தி."

பக்கத்து வீட்டம்மா திருஷ்டி என்றாள். ஃபாரின் கார், புது வீடு, பொண்ணு வேறு முழுகாமல் இருக்கிறாள், ஊர்க் கண் சும்மா இருக்குமா என்றாள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. முழு அவநம்பிக்கையும் இல்லை. பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். எலி ஒயரைக் கடித்திருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். ஷெட்டில் எலிப்பொறி வைத்தேன். இரண்டு நாளில் ஒரு மூஞ்சூறு விழுந்தது. மூஞ்சூறு ஒயர் கடிக்குமா என்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரைக் கேட்டதற்கு அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அரைப்பரீட்சை விடுமுறை வந்தது. நான் காரோடு வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கிலீஷில் தலையணை கனத்துக்கு இருந்தது. க்ரூஸ் பிடிக்காவிட்டால் ஃபியூஸைப் பார் என்றது. ஃபியூஸ் பெட்டி எங்கே என்று பார்க்க வேறொரு பக்கத்துக்குப் போகச் சொன்னது. அந்தப் பக்கம் மூன்றாவது பக்கத்தில் உள்ள படத்தைப் பார் என்றது. படத்தில் இருந்த கார் எங்கள் காரே இல்லை, அதில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. இருந்தாலும் விடவில்லை. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தோம். எல்லாம் நன்றாக இருந்தது. பிடுங்கியதைத் திருப்பி மாட்டியதில் ஒன்று இடம் மாறிப்போய், அன்று சாயங்காலம் வைப்பர் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு நாள்.

கணக்கு டீச்சர் புத்தி எங்கே போகும்? கடைசியாக க்ரூஸ் வேலை செய்தது எப்போது, அதற்குப் பிறகு காருக்கு என்னென்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதினேன். ஐப்பசியில் மெட்ராஸ் போனபோது நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு மழை. அதற்குப் பிறகு ஆயில் மாற்றியது. கார்த்திகை முதல் வாரம் சாமி விளக்கு போட்டது. அதற்குப் பிறகு தீபத் திருவிழா, ஊருக்குள் வண்டி நகர வழியில்லாததால் பத்து நாள் ஷெட்டில் கிடந்தது. அப்புறம் நேரே இந்தப் பயணம்தான்.

மழை, ஆயில், சும்மா கிடந்தது. மூன்றையும் சந்தேகப்பட்டேன். மிச்சமிருந்த சாமி விளக்கை மட்டும் முதல் வேலையாக அடித்துவிட்டேன். சாமி காரியம் எப்படிக் கெடுதல் பண்ணும்?

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் பஸ், வேன், வாடகைக் கார் எதில் ஏறினாலும் முன்கண்ணாடிக்குக் கீழே சாமி படம் இருக்கும், அதன் மேல் ஒரு குட்டி பல்பு இருக்கும். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அது எரியும். பிரேக் லைட்டுக்குப் போகிற ஒயரிலேயே ஒட்டுப் போட்டு இழுத்திருப்பார்கள். எங்கள் காரில் அண்ணாமலையார் படம் மட்டும் இருந்தது, விளக்கு இல்லை. இவர் கால் தகட்டைக் காட்ட வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போயிருந்த நாளில், வந்து பார்க்கும்போது அசந்துபோகட்டும் என்று நான் ஒரு எலக்ட்ரீஷியனை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் எல்லாருக்கும் போடுகிற மாதிரியே போட வந்தார். நான் விட்டேனா?

"பிரேக் போட்டா மட்டும் எரியறதுக்கு அவர் என்ன சிக்னலா? வண்டி ஓடுற வரைக்கும் எரியணும். ஜோதியா நிக்கிற சாமிங்க அவரு" என்றேன்.

"அப்டீன்னா எப்பவும் கரண்டு வர்ற ஒயர் பாக்கணும் டீச்சர்" என்று தலையை பிரேக் பெடலுக்குக் கீழே விட்டுக் குனிந்தார். அரைமணியில் விளக்கு எரிந்தது. ஒரு சின்ன வித்தியாசம் மட்டும். ஊர் வண்டிகளில் பிரேக் போட்டால் எரியும், எங்கள் வண்டியில் பிரேக் போட்டால் அணையும். அதற்கும் நானே ஒரு காரணம் சொல்லிவிட்டேன், வண்டி நிற்கும்போது சாமியும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று. வேலூரிலிருந்து வந்தவர் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

விடுமுறை பாதி கழிந்தது. நான் கவனித்தது கார் மட்டும்தான், அவரை இல்லை. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அவர் ஷெட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கையேட்டைப் படித்துக் காட்டினால் "சரி, சரி" என்பார், காதில் போட்டுக்கொள்ள மாட்டார். சாவியை எங்கே வைத்தேன் என்று ஒருநாள் கேட்டு, சட்டைப் பையிலேயே இருந்ததும் முகம் வெளிறி உட்கார்ந்துவிட்டார். சாவியை யார்தான் மறப்பதில்லை? ஆனால் அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் எல்லாம் மறந்துபோய், பிறந்து வளர்ந்த தேரடித் தெருவில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களிடம் தேரடித் தெருவுக்கு வழி கேட்டவர். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் காலை நான் சமையல் கட்டில் இருந்தேன். கூடத்தில் அவர் மகளோடு போனில் பேசுவது கேட்டது.

"டிரைவரே போட்டுக்கலாம்மா. உங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லிடு. நான் பின்னாடி உக்காந்து வர்றேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கரண்டியோடு கூடத்துக்கு வந்தேன். "என்னங்க, நாள் குறிச்சதுலேர்ந்து இதையே சொல்லிட்டு, இப்ப ஒரு பட்டனுக்காக விட்டுக் குடுத்துட்டீங்களே?" என்று கத்தினேன். அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். பேப்பர் முந்தின நாளுடையது.

அன்று மத்தியானம் அவர் படுத்துத் தூங்கிய பிறகு, கோபத்தோடேயே போய்க் காரில் உட்கார்ந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்ப மட்டும் தெரியும். திருப்பினேன். சாமி விளக்கு எரிந்தது. கையேட்டில் நான் பத்துத் தடவை படித்துத் தாண்டிப்போன ஒரு வரி இருந்தது, பிரேக் விளக்குகள் எரிகின்றனவா என்று பார் என்று. பார்க்கப் பின்னால் ஆள் இல்லை. நிலைக்கண்ணாடியைத் தூக்கிவந்து காருக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. முன்னால் சாமி விளக்கு அணைந்தது. காலை எடுத்தேன். பின்னால் அணைந்தது, முன்னால் எரிந்தது.

என்ன எழவு கையேடு இது, எல்லாம்தான் ஒழுங்காக இருக்கிறதே என்று மறுபடி மிதித்தேன். எடுத்தேன். மிதித்தேன். ஏழெட்டுத் தடவை ஆனபிறகு ஒரு கேள்வி வந்தது. கால் பிரேக்கில் இருந்தால் ஒரு ஒயரில் கரண்டு வருகிறது, அது பின்விளக்குக்கு. சரி. கால் பிரேக்கில் இல்லாதபோது மட்டும் கரண்டு வருகிற ஒரு ஒயரைக் கம்பெனிக்காரன் எதற்காக வைத்தான்? எங்கள் அண்ணாமலையாருக்காகவா சிங்கப்பூர் காரில் வைத்தான்? பிரேக்கில் கால் இல்லை, கால் இல்லை என்று யாருக்கோ விடாமல் சொல்லிக்கொண்டிருக்கத்தானே? அது யாருக்குத் தெரிந்தாகவேண்டும்?

பிரேக்கில் கால் பட்ட நிமிஷமே விட்டுவிடவேண்டிய க்ரூஸுக்கு.

உள்ளே போய் எலக்ட்ரீஷியன் கடைக்குப் போன் போட்டேன். அவர் நான் கேட்டதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "நம்ம வண்டிங்கள்ல பிரேக் ஸ்விட்ச்ல ரெண்டு ஒயர்தான் டீச்சர் இருக்கும். உங்க வண்டில நாலு இருந்துச்சு. ரெண்டு சும்மா எக்ஸ்ட்ரான்னு நெனச்சிட்டேன். அதுல ஒண்ணுல கரண்டு வந்துச்சு, கட் பண்ணி சாமிக்குக் குடுத்துட்டேன். ஏன், லைட்டு எரியலையா?"

"எரியுதுப்பா. நல்லா எரியுது" என்றேன்.

அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம், நாளை காலை முதல் வேலையாக வந்து ஒயரைப் பழையபடி சேர்த்துவிட்டு, சாமிக்கு வேறு ஒயரில் கரண்டு எடுத்துத் தருகிறேன் என்றார். போனை வைத்ததும் எனக்கு வந்த முதல் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். இவரிடம் மூச்சு விடக்கூடாது, எலக்ட்ரீஷியன் வந்து சத்தமில்லாமல் மாட்டிவிட்டுப் போகட்டும், க்ரூஸ் தன்னால் சரியாகிவிட்டது என்று இருக்கட்டும். டீச்சருக்குத் தப்பை ஒத்துக்கொள்வது அவ்வளவு லேசில் வராது.

கையேட்டைக் காரில் வைக்கத் திரும்பிப் போய், டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மடித்து வைத்த ஒரு தாள். அவர் கையெழுத்து. ஒன்று, வண்டி எண்பதுக்கு வரவேண்டும். இரண்டு, மெயின் பட்டன், பச்சை விளக்கு. மூன்று, கீழே தள்ளி விடவும். நான்கு, காலை எடுக்கவும். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் டிக், டிக், டிக். ஒரு வரிசை இல்லை, பத்துப் பன்னிரண்டு வரிசை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமெல்லாம் அவர் போளூர் ரோட்டுப் பக்கம் தனியாக ஓட்டிப்போய், மறந்துவிட்டேனா, வரிசை மாறிவிட்டதா என்று தன்னையே பரீட்சை வைத்துப் பார்த்திருக்கிறார். கடைசி வரிசைக்குப் பிறகு, தாளின் அடியில், தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதி வைத்திருந்தார்.

அந்த விலாசத்தைப் பார்த்துத்தான் நான் அழுதேன். அவ்வளவு தூரம் போய்விட்டிருந்தார் மனுஷன், பக்கத்தில் படுத்துக்கொண்டே. நான் மூஞ்சூறு பிடித்துக்கொண்டிருந்தேன்.

போய் எழுப்பினேன். "என்னங்க, எழுந்திருங்க. தப்பு உங்க மேல இல்ல. நான் பண்ணேன்" என்று ஆரம்பித்து, சிக்னல், ஜோதி, நாலு ஒயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் எழுந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லங்க."

"நான் சரியாத்தான் அழுத்தினேனா?"

"நீங்க சரியாத்தான் அழுத்தினீங்க. சாமிக்குக் குடுத்துட்டேன் நான்."

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். எழுந்துபோய்ப் பின்கட்டில் தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

தை மாதம், வளைகாப்பு முடிந்த மறுநாள் காலை, தாம்பரத்திலிருந்து புறப்பட்டோம். டிரைவர் இல்லை. மகள் இரண்டு கையிலும் வளையல் குலுங்கப் பின்சீட்டில் சாய்ந்துகொண்டாள், நான் அவள் பக்கத்தில். செங்கல்பட்டு தாண்டியதும் அவர் தோள் ஒருமுறை அசைந்தது, அவ்வளவுதான். மேல்மருவத்தூர் தாண்டும்போது மகள் கவலையோடு முன்னால் எட்டிப் பார்த்து, "அப்பா, கால் வலிக்குதா? நிறுத்தணுமா?" என்றாள்.

அவர் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கால எடுத்து அரைமணி நேரம் ஆச்சு. நீ தூங்கும்மா."